ஆட்டுப்பால்ல காசு வருமா? இ.எம்.ஐ. முதல் மாசம், பால் ஏழாவது மாசம்!



போன வாரம் திருவொற்றியூர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். மணலியில ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய். வீட்டை ஒட்டி இருக்கிற கொஞ்சம் இடத்துல அவங்க அம்மா ரெண்டு நாட்டு ஆடு வளர்க்கிறாங்க.

"அண்ணா, ஆட்டுப்பால் லிட்டர் 80 ரூபாய்க்குக் கேக்கிறாங்க. பேங்க்ல இருந்து 1,50,000 பர்சனல் லோன் ரெடின்னு மெசேஜ் வந்திருக்கு. ஆறு கறவை ஆடு வாங்கிடலாமா? அம்மா பார்த்துப்பாங்க."

நம்மள்ல நிறைய பேருக்கு இந்த ஆசை இருக்கு. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவுல போனாலும் நாலு ஆடு சுவரோரமா நிக்கும். ஆபீஸ் போற வழியில அதைப் பார்த்துட்டு, "இதுவும் ஒரு செகண்ட் இன்கம் தானே"ன்னு தோணும். தப்பில்ல. ஆனா ஆட்டுக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு, பேங்குக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகாது. இந்தக் கட்டுரையில சினையில இருந்து கறவை வரைக்கும் என்ன நடக்குதுன்னு பார்ப்போம். கூடவே ஒவ்வொரு கட்டத்துலயும் உங்க பர்ஸ்ல என்ன நடக்குதுன்னும் பார்ப்போம்.

அந்தத் தம்பி கடைசியா சொன்ன "அம்மா பார்த்துப்பாங்க"ங்கிற வார்த்தையை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. முடிவுல அதுக்கு வர்றேன்.

முதல்ல, எந்த ஆடு?

தெருவுல நீங்க பார்க்கிற ஆடு பெரும்பாலும் கறிக்கு வளர்க்கிறது. நம்ம தமிழ்நாட்டோட சொந்த இனங்களான கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு இதெல்லாமும் கறிக்குப் பேர்போனதுதான். குட்டிக்குப் போக நமக்கு ஒரு டம்ளர் பால் மிஞ்சினாலே பெரிய விஷயம்.

பாலுக்குன்னு பார்த்தா, கேரளாவுல இருந்து வந்த தலைச்சேரி ஆடு நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரக்காத்துக்கும் ஓரளவு பழகிக்கும், இரட்டைக் குட்டியும் அடிக்கடி போடும். உத்தரப்பிரதேசத்து ஜமுனாபாரி பால் கூடக் கொடுக்கும். ஆனா பெரிய உடம்பு, தீனியும் இடமும் அதுக்குத் தகுந்த மாதிரி வேணும். பஞ்சாப் பக்கத்து பீட்டலும் அதே கதைதான். யூடியூப்ல "ஒரு ஆடு 4 லிட்டர்"னு காட்டுறாங்களே, அது சுவிட்சர்லாந்து சானேன் மாதிரி வெளிநாட்டு இனமா இருக்கும். திருவொற்றியூர் சந்துக்குள்ள, மே மாச வெயில்ல அந்தக் கணக்கைப் போடாதீங்க.

நம்ம கணக்குக்கு, நல்லா பராமரிக்கிற தலைச்சேரி ஆடு ஒரு நாளைக்கு சுமார் 1 லிட்டர் கறக்கும்னு வச்சுக்குவோம். கறவை 5, 6 மாசம். அதுக்கு மேல எதிர்பார்த்தா நாமளே நம்மள ஏமாத்திக்கிறோம்.

வாங்கும்போது வியாபாரி சொல்றதை விட்டுட்டு மடியைப் பாருங்க. ரெண்டு காம்பும் ஒரே அளவா இருக்கணும். கட்டி, புண் இருக்கக் கூடாது. கறந்து காட்டச் சொல்லுங்க. முடிஞ்சா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நேர்ல நின்னு பாருங்க. ஒரு வேளை கறக்காம விட்டு, மடியை ரொப்பி வச்சு விக்கிறது பழைய தந்திரம்.

ஆட்டோட காலண்டர்

பெட்டை ஆடு சுமார் 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். அது ஒரு நாள், ஒன்றரை நாள்தான் நிக்கும். விடாம கத்தும், வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும், தீனி குறையும். அந்த நேரத்துல கிடாவுக்கு விடணும். நீங்க பி ஷிப்ட்ல இருந்து வீட்டுக்கு வந்து "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு விட்டா, அடுத்த வாய்ப்பு மூணு வாரம் கழிச்சுதான். அந்த மூணு வாரத் தீனிச் செலவு உங்களுது.

சினைக் காலம் சுமார் 150 நாள். சரியா 5 மாசம். இங்க வடசென்னைக்காரங்க ஒண்ணு கவனிக்கணும். ஜூன் 15 வாக்குல கிடாவுக்கு விட்டா, குட்டி பிறக்கிறது நவம்பர் 12 வாக்குல. நம்ம ஏரியாவுல நவம்பர், டிசம்பர் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல மனுஷங்களே மாடிக்கு ஓடினோம். பிறந்த ஒரு வாரக் குட்டியை எங்க கொண்டுபோறது? ஆகஸ்ட் 1-க்கு மேல விட்டா, குட்டி டிசம்பர் 29-க்கு அப்புறம் வரும். பெரிய மழையும் ஓரளவு ஓய்ஞ்சிருக்கும். காசு செலவில்லாத இன்சூரன்ஸ் இதுதான்.

கறந்துக்கிட்டு இருக்கிற ஆடு மறுபடி சினை ஆனா, கடைசி ரெண்டு மாசம் பால் கறக்கிறதை நிறுத்தணும். வயித்துக்குள்ள குட்டி வேகமா வளர்றது அப்பதான். அந்த ரெண்டு மாசமும் வரவு கிடையாது, தீனி மட்டும் முன்னைவிடக் கூட.

குட்டி போடுற நாள்

நாள் நெருங்கினா மடி பெருக்கும். வால் பக்கம் தசை தளர்ந்து குழி விழும். ஆடு நிலைகொள்ளாம தரையைக் காலால பறிக்கும். காய்ஞ்ச இடமா, வைக்கோலோ சுத்தமான சாக்கோ போட்டுத் தனியா விடுங்க. பத்து பேர் சுத்தி நின்னு செல்போன்ல படம் எடுக்க வேண்டாம்.

ரெண்டு முன்னங்காலும் அதுமேல மூக்கும் முதல்ல தெரிஞ்சா நல்லது. ஆடு முக்கி முக்கி அரை மணி நேரத்துக்கு மேல ஆகியும் ஒண்ணும் வரலைன்னா டாக்டரைக் கூப்பிடுங்க. நீங்களா கையை விட்டு இழுக்காதீங்க. இந்த விஷயத்துல நம்ம ஊருக்கு ஒரு வசதி உண்டு. 1903-ல தொடங்கின சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில இருக்கு, அங்கயே ஆஸ்பத்திரியும் இருக்கு. ஆட்டை ஏத்திட்டுப் போக ஒரு ஆட்டோக்காரரை முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க. ராத்திரி 2 மணிக்கு ஆப்ல ஆட்டைப் பார்த்ததும் ரைட் கேன்சல் ஆகிடும்!

குட்டி விழுந்ததும் மூக்கு, வாயைத் துடைச்சு விடணும். தாய் நக்கட்டும். தொப்புள்கொடியில டிங்சர் அயோடின் தொடணும். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குட்டி வயித்துக்குள்ள போயிடணும். தாயோட நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு அதுல மட்டும்தான் கிடைக்குது. நேரம் போகப் போக குட்டியோட குடல் அதை உறிஞ்சுறது குறைஞ்சுக்கிட்டே வரும். "சீம்பால் எங்களுக்குக் கொஞ்சம் கொடுங்க"ன்னு பக்கத்து வீட்டுல கேட்பாங்க. குட்டிக்குப் போக மிஞ்சினா பார்க்கலாம்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுங்க. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள்ள விழலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும்.

குட்டிக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு?

பால் கணக்குல எல்லாரும் கோட்டை விடுறது இந்த இடத்துலதான்.

ஆடு 1 லிட்டர் கொடுத்தா 1 லிட்டரும் விக்கலாம்னு மனசுல கணக்கு ஓடும். ஆனா அந்தப் பால் முதல்ல குட்டிக்குச் சொந்தம். பிறந்த குட்டி சுமார் 2, 2½ கிலோ இருக்கும். தினமும் உடம்பு எடையில பத்துல ஒரு பங்காவது பால் அதுக்கு வேணும், வளர வளர அளவும் கூடும். இரட்டைக் குட்டின்னா ரெண்டு மடங்கு. முதல் ரெண்டு மூணு வாரம் நீங்க கையே வைக்காம இருக்கிறது நல்லது. அதுக்கப்புறம் ராத்திரி மட்டும் குட்டியைத் தனியா அடைச்சு, காலையில பாதி கறந்துட்டு மீதியை ஊட்ட விடலாம். மூணு மாசத்துல பால் மறக்க வைக்கலாம்.

நம்ம பாஷையில சொன்னா, குட்டிதான் ஷேர் விலை ஏறுறது, பால் டிவிடெண்ட். டிவிடெண்டுக்கு ஆசைப்பட்டுக் குட்டியைப் பட்டினி போட்டா, ஒன்பது மாசம் கழிச்சு எடை போடும்போது விலையில அடி விழும்.

கறக்கிறது எப்படி?

மடியை வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, சுத்தமான துணியால ஈரம் இல்லாம துடைங்க. ஒவ்வொரு காம்புல இருந்தும் முதல் ரெண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணியில பீச்சிப் பாருங்க. திரிதிரியா, தண்ணியா, ரத்தம் கலந்து இருந்தா மடி நோய். அந்தப் பால் வேண்டாம், டாக்டர் வேணும்.

கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் காம்போட மேல் பக்கத்தை அடைச்சுட்டு, மத்த விரல்களை ஒவ்வொண்ணா மூடி அழுத்தணும். இழுக்கக் கூடாது. தினமும் ஒரே நேரம், முடிஞ்சா ஒரே ஆள். கறந்து முடிச்சதும் தீனி போட்டு ஆட்டைக் கொஞ்ச நேரம் நிக்க வைங்க. காம்புத் துளை மூடுறதுக்குள்ள ஈரத்தரையில படுத்தா கிருமி ஏறிடும்.

பாலை எவர்சில்வர் பாத்திரத்துல வடிகட்டி, கண்டிப்பா கொதிக்க வச்சுதான் குடிக்கணும். "பச்சையா குடிச்சாதான் சத்து"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. புருசெல்லோசிஸ்னு ஒரு நோய் பச்சைப்பால் வழியா மனுஷனுக்கு வரும், வாரக்கணக்குல காய்ச்சல் படுத்தும். ஆட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தா, டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் பாலை விக்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

இன்னொண்ணு. ஆட்டுப்பாலை மருந்து மாதிரி சொல்லி விக்கிறாங்க. டெங்கு சீசன்ல டெல்லி பக்கம் அதோட விலை தாறுமாறா ஏறினது செய்தியாவே வந்துச்சு. தட்டணு ஏறும்ங்கிறதுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலா ஆட்டுப்பால் கொடுக்கக் கூடாது. பசும்பால் அலர்ஜி இருக்கிறவங்களுக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒத்துக்காது. விக்கிறதா இருந்தா பாலை பாலாவே வில்லுங்க. பயத்தை வச்சு வர்ற விலை நாலு மாசம் நிக்காது.

இடம், தீனி: வடசென்னைக் கணக்கு

ஒரு பெரிய ஆட்டுக்குக் குறைஞ்சது 10, 12 சதுர அடி வேணும். நம்ம ஏரியா மண்ணு சீக்கிரம் காயாது. அதனால தரையில இருந்து ரெண்டு அடி உசரத்துல மரச்சட்டம் அடிச்ச பரண் நல்லது. புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துடும், குளம்பும் அழுகாது. கிடாவை வீட்டுல வைக்காதீங்க. அதோட நாத்தம் பால்லயும் ஏறும், பக்கத்து வீட்டுச் சண்டையிலயும் முடியும்.

பெரிய ஆட்டுக்கு ஒரு நாளைக்கு சுமார் 4 கிலோ பசுந்தழை வேணும். அகத்தி, முருங்கை, சூபாபுல், வேலிமசால், எது கிடைக்குதோ அது. மார்க்கெட்ல ஒதுக்கிற காலிஃபிளவர் இலை, முள்ளங்கி இலையும் கொடுக்கலாம். மேல கொஞ்சம் புண்ணாக்கு, தவிடு கலந்த அடர் தீவனம்.

நகரத்து ஆட்டுக்கு எமன் ரெண்டு. ஒண்ணு பிளாஸ்டிக் கவர், வயித்துல சிக்கினா வெளியே வராது. இன்னொண்ணு மிச்சச் சோறு. கல்யாண மண்டபத்துச் சோறு, புளிச்ச இட்லி மாவு, பிரியாணி, இதையெல்லாம் பாசத்துல அள்ளிப் போடுவாங்க. ஒரேயடியா அவ்வளவு மாவுச்சத்து உள்ளே போனா வயித்துல அமிலம் ஏறி, ஒரே நாள்ல ஆடு செத்துடும். 18,000 ரூபாய் ஆட்டை ஒரு பக்கெட் சோறு கொன்னுடும்.

எண்ணூர் கழிமுகம் பக்கம் மேய விடுறவங்களும் யோசிங்க. 2023 டிசம்பர் வெள்ளத்தோட அங்க எண்ணெய் பரவினதை மறந்திருக்க மாட்டீங்க. சாம்பல் படியிற ஓரத்துலயும் கழிவுநீர்க் கால்வாய்க் கரையிலயும் முளைக்கிற புல்லு ஓசியாத்தான் கிடைக்கும். ஆனா அதைத் தின்ன ஆட்டோட பாலை உங்க வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பீங்களான்னு கேட்டுக்கோங்க.

குட்டிக்கு மூணு, நாலு மாசத்துல ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி, மழைக்கு முன்னாடி துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி, அப்பப்போ குடற்புழு மருந்து. பயிற்சி வேணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட தலைமையிடமே மாதவரம் பால்பண்ணையிலதான் இருக்கு. லீவு நாளைப் பார்க்காம, ஒரு வேலை நாள்ல பர்மிஷன் போட்டுட்டுப் போய்க் கேளுங்க.

சட்டம், மானியம், வரி

நகர்ப்புறத்துல விலங்கு, பறவை வளர்க்கிறதை ஒழுங்குபடுத்த தமிழ்நாட்டுல 1997-லயே ஒரு சட்டம் வந்தாச்சு. ஆடு வாங்குறதுக்கு முன்னாடியே உங்க மண்டல அலுவலகத்துல உரிமம் பத்திக் கேட்டுடுங்க. திருவொற்றியூர், எண்ணூர்னா 1-வது மண்டலம், ராயபுரம்னா 5-வது. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முதல்லயே பேசுங்க.

"மானியம் 50 சதவீதம்"னு வீடியோ பார்த்திருப்பீங்க. அது உண்மைதான். தேசிய கால்நடை இயக்கத்தோட 2021 திருத்தப்பட்ட திட்டத்துல இருக்கு. ஆனா அதுல ஆட்டுப் பண்ணைக்கு ஆரம்ப அளவே 100 பெட்டை, 5 கிடா. ஆறு ஆட்டுக்கு அது கிடையாது. ஆட்டுக்கு இன்சூரன்ஸ் மட்டும் விசாரிங்க. அரசுத் திட்டத்துல பிரீமியத்துல 2024-ல இருந்து நம்ம பங்கு 15 சதவீதம்தான். காதுல தோடு போட்டிருக்கணும். அது இல்லாம கிளெய்ம் கிடையாது.

சம்பளக்காரங்களுக்கு முக்கியமானது: ஆடு வளர்ப்பு "விவசாய வருமானம்" இல்ல. வரிவிலக்கு கிடையாது. அது தொழில் வருமானம். உங்க பேர்ல வந்தா, வழக்கமா போடுற சிம்பிளான ஐ.டி.ஆர்.-1 படிவம் பத்தாது.

இன்னொரு எச்சரிக்கை. "நீங்க பணம் மட்டும் போடுங்க, ஆடு நாங்க வளர்க்கிறோம், மாசாமாசம் காசு வரும்"னு யாராவது வந்தா பெருந்துறையை நினைச்சுக்கோங்க. ஈமு கோழியை வச்சு இதே கதை சொன்ன நிறுவனம் 2012-ல கவிழ்ந்து, ஆயிரக்கணக்கான பேரோட பணம் போச்சு. பறவை மாறலாம், ஆடு ஆகலாம், ஸ்கீம் ஒண்ணுதான்.

இப்ப கணக்குக்கு வருவோம்

தம்பியோட பிளானைப் பேப்பர்ல போட்டோம். விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க தெரு விலையைப் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க.

ஆறு ஆடு, ஒண்ணு 18,000 வீதம் 1,08,000 ரூபாய். கொட்டகை 42,000. மொத்தம் 1,50,000. பர்சனல் லோன் 14 சதவீத வட்டி, 36 மாசம்னா இ.எம்.ஐ. 5,127 ரூபாய். தீனி ஒரு ஆட்டுக்கு நாளைக்கு 30 ரூபாய்னு வச்சாலும், ஆறுக்கு மாசம் 5,400.

ஆடு வந்து இடம் பழகி, பருவத்துக்கு வந்து, சினை பிடிக்க ஒரு மாசம். அப்புறம் 5 மாசம் சினை. ஆக முதல் 6 மாசம் வரவு பூஜ்யம். செலவு மாசம் 10,527. ஆறு மாசத்துல 63,162 ரூபாய். 24,000 சம்பளத்துல இதை எங்கிருந்து எடுப்பீங்க? கிரெடிட் கார்டுல இருந்துதான். "சினை ஆடே வாங்கிடுறேன்"னு சொல்லலாம். விலை கூடும், சினைன்னு சொன்னது பொய்யா இருந்தா அதுவும் உங்க தலையிலதான்.

ஏழாவது மாசம் முதல் பால். முதல் சில வாரம் குட்டிக்கு. அப்புறம் குட்டிக்குப் போக ஆட்டுக்கு அரை லிட்டர், ஆறுக்கு 3 லிட்டர், 80 ரூபாய் வீதம் நாளைக்கு 240. மாசம் 7,200. தீனி 5,400 போனா மிச்சம் 1,800. இ.எம்.ஐ. 5,127. நல்லா ஓடுற மாசத்துலயே 3,327 ரூபாய் கைக்காசு போடணும்.

சரி, குட்டி? ஆறு ஆட்டுல ஒன்பது குட்டி, ரெண்டு போச்சுன்னா ஏழு தேறும். ஒன்பது மாசம் வளர்த்து 7,000 வீதம் வித்தா 49,000. ஆனா அது கைக்கு வர்றது 15-வது மாசம். அது வரைக்கும் கூட்டிப் பார்த்தேன். இ.எம்.ஐ. 76,905, தாய் ஆடுகளுக்குத் தீனி 81,000, குட்டித் தீனி சுமார் 15,120, மருந்தும் இன்சூரன்ஸும் 6,000. மொத்தம் 1,79,025. வரவு, அஞ்சு மாசப் பால் 36,000, குட்டி 49,000, மொத்தம் 85,000. பள்ளம் 94,025 ரூபாய். மாசத்துக்கு 6,268.

நியாயமா சொல்லணும்னா, ஆறு ஆடும் கையில இருக்கு, அடுத்த ஈத்தும் வந்திருக்கும், கடன்லயும் ஒரு பகுதி அடைஞ்சிருக்கும். இது மொத்தமா நஷ்டம்னு சொல்ல வரல. ஆனா 15 மாசம் அந்தப் பள்ளத்தை நிரப்ப உங்ககிட்ட வேற பணம் இருக்கணும். அது இருந்தா லோனே தேவையில்ல!

"அம்மா பார்த்துப்பாங்க"

இந்தக் கணக்குல ஒரு வரியை நாங்க எழுதவே இல்ல. கூலி.

ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட்னு மாறுற ஆளால தினமும் ஒரே நேரத்துல கறக்க முடியாது. தழை ஒடிக்கிறது, தண்ணி வைக்கிறது, கொட்டகை கூட்டுறது, கறக்கிறது, பால் பாத்திரம் கழுவுறது, வீடு வீடா ஊத்துறது. ஆறு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 4 மணி நேரம்னு குறைச்சே வச்சாலும் மாசம் 120 மணி நேரம். மிச்சம் 1,800 ரூபாய். மணிக்கு 15 ரூபாய்! கல்யாணத்துக்கும் லீவு கிடையாது, காய்ச்சலுக்கும் லீவு கிடையாது. அதுவும் ஐம்பது வயசுக்கு மேல.

நான் கேட்டேன், "தம்பி, அம்மாகிட்ட கேட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. "இல்லண்ணா. சர்ப்ரைஸா வாங்கித் தரலாம்னு..."

நான் சொன்னது என்ன?

லோன் வேண்டாம். ஒரே ஒரு நல்ல கறவை ஆடு, 18,000. இருக்கிற இடத்துலயே பரண் அடிக்க 7,000. மொத்தம் 25,000. இதுக்கு மாசம் 5,000 வீதம் 5 மாசம் எடுத்து வைங்க. ஆட்டோட சினைக் காலமும் அதே 5 மாசம்தான். அஞ்சு மாசம் 5,000 எடுத்து வைக்க முடியலைன்னா, 36 மாசம் 5,127 இ.எம்.ஐ. கட்டவும் முடியாது. சேமிச்சுப் பார்க்கிறதுதான் உங்களுக்கான டெஸ்ட். எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க, ஆட்டுக்கு உடம்பு சரியில்லைன்னா அதுதான் உதவும்.

அந்த அஞ்சு மாசமும் சும்மா இருக்க வேண்டாம். அம்மா ஏற்கனவே வளர்க்கிற ரெண்டு ஆட்டுக்கு ஒரு நோட்டு போடுங்க. கிடாவுக்கு விட்ட தேதி, தடுப்பூசி, தீனிச் செலவு, வித்த குட்டி. வீட்டுக்கு எடுத்த பாலையும் பாக்கெட் பால் விலையில வரவா எழுதுங்க. பால் வெளியே விக்கிற அளவுக்கு வந்தா உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக்கோங்க. முதல் ஈத்து லாபத்துலதான் ரெண்டாவது ஆடு. சம்பளத்துல இருந்து இல்ல.

கடைசியா ஒண்ணு சொன்னேன். ஆடு அம்மா பேர்ல இருக்கட்டும், பால் காசு அம்மா அக்கவுன்ட்டுக்குப் போகட்டும். அவங்க உழைப்பு, அவங்க வரவு. பெத்தவங்களுக்குக் கொடுக்கிற பணத்துக்கு வரி கிடையாது, அந்தப் பணத்துல அவங்களுக்கு வர்ற வருமானம் உங்க கணக்குல சேராது. ஆனா நான் அதுக்காகச் சொல்லல.

ரெண்டு நாள் கழிச்சுத் தம்பியே மறுபடி கூப்பிட்டார். அம்மாகிட்ட பேசினாராம். அவங்க சொன்ன பதில்: "ஆறு ஆட்டுக்கு யாருடா தழை ஒடிக்கிறது? ஒண்ணு வாங்கு. மடியைப் பார்த்து வாங்கணும், நானும் வர்றேன்."

இத்தனை வருஷமா ஆடு வளர்க்கிறவங்க அவங்க. இந்த பிளான்ல முதல்ல கேட்டிருக்க வேண்டிய அட்வைசர் வீட்டுக்குள்ளதான் இருந்திருக்காங்க.

உங்க வீட்டுலயும் ஒரு "செகண்ட் இன்கம்" ஐடியா ஓடிக்கிட்டு இருந்தா, இன்னிக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல ரெண்டு கேள்வி எழுதுங்க. முதல் ரூபா எந்த மாசம் வரும்? அதுவரைக்கும் வேலை செய்யப் போறது யாரு? ரெண்டாவது கேள்விக்கு உங்க பேர் பதில் இல்லைன்னா, அந்தப் பேருக்கு உரியவங்ககிட்ட முதல்ல கேளுங்க. லோன் மெசேஜ் நாளைக்கும் வரும்.

இந்தக் கணக்கை மாத்திப் போட்டுப் பார்க்கிறது எப்படின்னு நம்ம சேனல் வீடியோவுல படிப்படியா காட்டியிருக்கேன். அடுத்த பதிவுல சந்திப்போம்.